கொறக்காப் பெட்டி

நான் இதுவரை பல தடவை மௌத்தாகியிருக்கிறேன். ஒரு தடவையாவது காய்ச்சல் கண்டு, கட்டிலில் கிடந்து, கலிமா சொல்லிப் போகும் பாக்கியம் கிடைக்கவில்லை. லொறியில் அடிபட்டேன். கிணற்றில் விழுந்தேன். லக்கலையில் ஒரு கரடி என்னைப் பிறாண்டியது. கரடிக்குள் இருந்தவன் தம்புள்ளைக்காரன், நகம் வெட்டும் பழக்கம் இல்லாதவன். இன்னொரு தடவை என் கையிலிருந்த குண்டு என் கையிலேயே வெடித்தது.

இத்தனை மரணங்களையும் எனக்குத் தந்தவன் ஒருவனே. பெயர் வேபொட. சிங்களப் படம் எடுப்பவன். எங்களோடு பேசுவதும் சிங்களம்தான், தமிழ் தெரியாது. எப்போதும் ஓலைத்தொப்பி போட்டிருப்பான். அதைக் கழற்றி அவனை யாரும் கண்டதில்லை. முடி வெட்டுகிறவன்கூடத் தொப்பியைச் சுற்றித்தான் வெட்டுவானாம்.

என் பெயர் ஜைனுதீன். மாத்தளைச் சந்தைக்குப் பக்கத்தில் சரக்குக் கடை. மிளகு, கறுவா, கராம்பு, சாதிக்காய், மீன் குழம்புக்குப் போடும் கொறக்காப் புளி எல்லாம் உண்டு. எனக்கு மீசை அரும்பிய காலத்தில் வேபொட மிளகு வாங்க வந்தான். மிளகைப் பார்க்கவில்லை. மாடு வாங்க வந்தவன் மாட்டைப் பார்ப்பதுபோல் என்னைச் சுற்றி வந்து பார்த்தான்.

"இந்த மூஞ்சி எனக்கு வேணும்" என்றான்.

"ஒண்ணுதான் இருக்கு சேர், பாவிக்கிறேன்" என்றேன்.

இரவலாகத் தாருங்கள், படம் முடிந்ததும் திருப்பித் தருகிறேன் என்றான். அந்த வாக்கை மட்டும் அவன் காப்பாற்றவில்லை. கதை அதுதான்.

இந்த நாடு என்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் பத்திரிகை வாசிப்பதில்லை. வேபொட எனக்கு எந்த உடுப்பைத் தருகிறான் என்று பார்ப்பேன். முதல் படத்தில் சிவப்புத் துருக்கித் தொப்பியும் தோளில் துணி மூட்டையும் தந்தான். ஒரு நாய் என் சாரத்தைப் பிடித்து இழுக்க வேண்டும், நான் ஓட வேண்டும். நாடு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். நாய்க்கு இரண்டாவது படத்திலும் வேலை கிடைத்தது.

ஆனால் என் குரலை அவன் எடுக்கவில்லை. என் சிங்களம் அவனுடைய சிங்களத்தைவிடச் சுத்தம். அதுதான் குறை. கொழும்பில் ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, எழுத்தெல்லாம் உடைந்த சிங்களத்தில், எனக்குப் பதிலாகப் பேசுவான். திரையில் வாய் என்னுடையது, அதிலிருந்து வருவது அவனுடையது.

லொறியில் அடிபட்ட படத்தை உக்குவளையில் என் மாமியார் பார்த்திருக்கிறார். மகள் விதவையாக இத்தா இருப்பதற்கு உடனே வெள்ளைச் சேலை கொடுத்தனுப்பினார். கதவைத் திறந்து பார்சலை வாங்கியவன் நான். கொண்டுவந்தவர் படபடப்பில் என் முகத்தைப் பார்க்கவில்லை. "றமீஸாட்ட குடுத்து, மனச தேத்திக்கச் சொல்லுங்க" என்று என்னிடமே சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். றமீஸா என் மனைவி. அந்தச் சேலை இன்னும் அலுமாரியில் இருக்கிறது. என்னோடு கோபம் வந்தால் எடுத்து வெயிலில் காயப்போடுவாள்.

யுத்தம் வந்ததும் உடுப்பு மாறியது. துணி மூட்டைக்காரனுக்கு மவுசு இல்லை. வேபொட எல்கடுவத் தோட்டத்துக்குப் போய் முத்துவீரனைப் பிடித்தான். முத்துவீரன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், என் கூட்டாளி. அதற்கு முந்திய படங்களில் அவன் குடித்துவிட்டுச் சாக்கடைக் கானுக்குள் விழும் தோட்டக்காரன். இப்போது அவனுக்குக் காட்டு உடுப்பும் துவக்கும் கொடுத்துப் பயங்கரவாதி ஆக்கினார்கள். முத்துவீரன் யாழ்ப்பாணத்தை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை. வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் தொழிற்சாலையைக் காட்டுவான்.

லக்கலைக் காட்டை வன்னிக் காடு என்று வைத்துக்கொண்டு சண்டைக் காட்சி எடுத்தார்கள். இந்தப் பக்கம் இராணுவம், அந்தப் பக்கம் முத்துவீரன் ஆட்கள், நடுவில் உளவாளியாக நான். வெடிச் சத்தம் கேட்டு ஒரு கொம்பன் யானை வந்தது. அடுத்த நிமிஷம் இராணுவம், பயங்கரவாதி, உளவாளி, சமையல்காரன் எல்லோரும் ஒரே பாலை மரத்தில் இருந்தோம். மேலே இடம் போதாமல் ஒரு கப்டன் முத்துவீரனின் மடியில் இருந்தார். யானை கீழே படுத்துத் தூங்கி எழும்பிப் போகும்வரை இருந்தார். இந்த நாட்டில் அந்த வருஷம் எடுக்கக்கூடிய ஒரே உண்மையான காட்சி அது. கமராவை யானை மிதித்துவிட்டது.

யுத்தம் முடிந்த பிறகு கொஞ்சக் காலம் எங்களுக்கு உடுப்பே இல்லை. கூட்டத்தில் நின்று கொடி அசைத்தோம். பிறகு அந்த ஈஸ்டர் ஞாயிறு வந்தது. தேவாலயங்களில் குண்டு வெடித்தது. வைத்தவர்களுக்கு என்னைப் போல முஸ்லிம் பெயர்கள். அதற்குப் பிறகு ஒருநாள் வேபொட என் கடைக்கு வந்தான். கையில் ஒரு தாடி இருந்தது.

"நானா, இது ஒரு வாப்பாட கதை" என்றான். எங்களில் மூத்தவர்களை, அண்ணன் என்பதுபோல், நானா என்றுதான் ஊர் கூப்பிடும். "வெளிநாட்டுக்குப் போன மகன் விபத்தில செத்துப் போறான். செய்தி வருது, நீங்க அழுறீங்க. மகனுக்கு அனுப்ப வச்சிருந்த பெட்டியத் தூக்கிட்டு உள்ள போறீங்க. அவ்வளவுதான்."

என் கடையிலேயே எடுத்தார்கள். கட்டாரில் இருக்கும் என் மகன் ஸுஹைலை நினைத்துக்கொண்டேன். நடிக்கவில்லை, அழுதேன். எத்தனையோ தடவை மௌத்தானவன் முதல் தடவையாக அழுதேன். கமரா பிடித்தவனும் அழுதான். பெட்டிக்குள் பாரம் வேண்டும் என்றார்கள். அன்று காலை குணபால முதலாளியிடம் எடுத்த கொறக்கா இருந்தது. அதைப் போட்டு நிரப்பினோம்.

குணபாலவைச் சொல்ல வேண்டும். எதிர்க்கடைக்காரன். அஸர் தொழுதுவிட்டு நான் வரும்போது என் கடை பெஞ்சில் இருப்பான். இருவரும் பால் இல்லாத பிளேன்டி குடிப்போம். நான் அவனோடு சிங்களத்தில் பேசுவேன், அவன் என்னோடு தமிழில் பேசுவான். ஒருவரின் பிழையை ஒருவர் திருத்தி, அதிலேயே பின்னேரம் போய்விடும். அவன் பிள்ளைகள் பிறந்த செய்தியும் என் பிள்ளைகள் பிறந்த செய்தியும் அந்த பெஞ்சில்தான் முதலில் சொல்லப்பட்டன.

அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். மாத்தளை முழுவதும் பார்த்தது. நானும் றமீஸாவும் பார்த்தோம். திரையில் நான் அழுகிறேன். மூக்குக்காரன் செத்துப் போயிருக்க வேண்டும். புதிதாக ஒருவன், கரகரத்த தொண்டை. "அழாதே மகனே, நீ விட்ட வேலையை நான் முடிக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இந்த ஊரில் ஒரு விளக்கும் எரியாது" என்று என் வாய் சொல்கிறது. என் கண்ணீர் வழிகிறது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறேன். அடுத்த காட்சியில் பெட்டி வெடிக்கிறது.

றமீஸா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருந்தாள். "அது ஸுஹைலுக்கு அழுத அழுகை" என்றாள்.

மறுநாள் சீருடை போடாத இருவர் வந்து பெட்டியைக் கேட்டார்கள். படத்தில் வெடித்துவிட்டதே என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். ஒருவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத் தும்மினார். விசாரணைக்கு என்று கொண்டுபோனார்கள். பெட்டி திரும்பி வரவில்லை. அந்தக் கிழமை யாரோ ஒருவர் வீட்டில் மீன் குழம்பு நன்றாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் பெஞ்சு காலியாக இருந்தது. நான் எதிர்க்கடைக்குப் போனேன். குணபால கணக்குப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

"முதலாளி, அது படம்" என்றேன்.

"தெரியும் நானா. படம்தான்." தலையை நிமிர்த்தவில்லை. "ஆனா அந்த அழுகை இருக்கே. நான் உங்கள எவ்வளவு காலமாப் பாக்குறேன். அது நடிப்பு இல்ல நானா."

"பெட்டிக்குள்ள உங்கட கொறக்கா."

"நான் பாக்கல்லத்தானே" என்றான்.

அதற்குப் பிறகு அவன் சரக்கு மட்டும் அனுப்பினான், பெஞ்சுக்கு வரவில்லை. அவன் வராததைப் பார்த்து மற்றவர்களும் வரவில்லை. ஊரில் யாரும் எனக்குக் கல் எறியவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். மிளகு வாங்க வந்தவர்கள் என் கையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

என் வயதுக்காரர்கள் மக்காவுக்கு உம்றாப் போக வேண்டும் என்று நிய்யத்து வைப்பார்கள். நான் வேபொடவுக்கு நிய்யத்து வைத்தேன். என் அழுகையைத் திருடி, அதற்கு வேறு குரல் போட்டு விற்றவன். அதை அவன் வாயாலேயே கக்க வைக்காமல் உண்மையான மௌத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். முத்துவீரன் துணை நின்றான். அவன் மலையில் மட்டம் என்ற குட்டைக் குதிரை ஒன்று நின்றது, யார் தொப்பியைக் கண்டாலும் தின்னும், அதை அனுப்பலாமா என்றான். றமீஸா மிளகாய்த்தூள் என்றாள். நான் வேண்டாம் என்றேன். தொப்பியைத் தின்றால் வேறு தொப்பி வாங்குவான். அவனிடம் வேறு வாங்க முடியாத சாமான் ஒன்று இருக்கும், அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. காத்திருந்தேன்.

பெற்றோலுக்கு நாடு வரிசையில் நின்றது. வரிசையில் எல்லோரும் எல்லோரோடும் பேசினார்கள். சனங்கள் தெருவில் இறங்கினார்கள், நாட்டை ஆண்ட பெரியவர்கள் கப்பல் ஏறினார்கள், பறந்தார்கள், திரும்பி வந்தார்கள். எல்லாம் அடங்கிய பிறகு வேபொட வந்தான். கையில் தாடி இல்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி. மடித்து, இஸ்திரி போட்டு வைத்திருந்தான். பார்த்ததும் விளங்கிவிட்டது. நாடு என்னை மன்னித்துவிட்டது.

"காலம் மாறிப்போச்சு நானா. இப்ப ஒற்றுமைப் படம்தான் வெளிநாட்டுல எடுபடுது" என்றான். "கலவரக்காரன்கள் தோட்டத்து லய வீடுகளுக்கு நெருப்பு வைக்கிறான்கள். உள்ள ஒரு சிங்கள டீச்சர். நீங்களும் முத்துவீரனும் போய் அவங்களக் காப்பாத்துறீங்க."

"பிறகு?"

"ரெண்டு பேரும் சாகிறீங்க. கையப் பிடிச்சுக்கிட்டு."

"காப்பாத்திட்டு உயிரோட வந்தா என்ன சேர்?"

வேபொட என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "நீங்க உயிரோட இருந்தா யார் நானா அழுவாங்க?"

பிறகு ஒரு புதுச் சங்கதி சொன்னான். இந்தப் படத்தில் குரல் மாற்றுவதில்லை. வெளிநாட்டுக்காரர்கள் அதை விரும்புவதில்லையாம். என் சொந்தக் குரல், என் சொந்தத் தமிழ். கீழே சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுத்து ஓடும். நான் தலையாட்டினேன். மனதுக்குள் ஒன்றும் ஓடவில்லை. அப்போது நான் அப்பாவி.

தமிழ் வசனங்களைச் சரிபார்க்க முத்துவீரனின் மகள் ரஜனியைப் பிடித்திருந்தார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். வசனத்தைக் கைத்தொலைபேசியில் போட்டுத் தமிழாக்கியிருந்தார்கள். "ஓ என் நிலமே, நீ ஒரு வீடு ஆகும், நாங்கள் அதன் கூரை உள்ளோம்" என்று நான் சாகும்போது சொல்ல வேண்டும். முத்துவீரன் அதை இரண்டு தரம் எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"இது என்ன நானா, பேய்க்கு மந்திரிக்கிறதா?"

ரஜனி வேபொடவிடம் போனாள். நாங்கள் லயத்து வாசலில் இருந்தோம். சுந்தரம்மா, முத்துவீரனின் மனைவி, ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். ரஜனி திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"என்ன புள்ள சொன்னாரு?"

"சிரிக்கிறாருப்பா. 'டீச்சர், தமிழ யாரு கவனிக்கப் போறாங்க, கீழதான் எழுத்து ஓடுதே. மொகந்தான் முக்கியம். கெழவன்க ரெண்டு பேரும் வாயில வர்றது எதையாச்சும் சொல்லட்டும், தமிழ் சரின்னு நீங்க கையெழுத்து மட்டும் வச்சிருங்க'ன்றாரு."

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன்.

"மகள், இன்னொருக்கா சொல்லுங்க. எதையாச்சும் எண்டா சொன்னார்?"

"எதையாச்சும்னுதான் சொன்னாரு நானா."

முத்துவீரன் என்னைப் பார்த்தான். நான் முத்துவீரனைப் பார்த்தேன். சுந்தரம்மா எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டும் சேந்து என்னமோ செய்யப் போகுது" என்றாள். ரஜனி பையிலிருந்து பேனையை எடுத்தாள். "நான் கையெழுத்து வைக்கிறேன்" என்றாள்.

சாகும் காட்சியை மலையடிவாரத்துப் பழைய லயத்துக்கு முன்னால் எடுத்தார்கள். புகை போட்டார்கள். என் வெள்ளைச் சட்டையில் சிவப்புச் சாயம். முத்துவீரனின் கை என் கையில். வேபொட தொப்பிக்குக் கீழிருந்து கத்தினான், "நானா, அழுங்க. அண்டைக்கி அழுதீங்களே, அது மாதிரி."

அண்டைக்கி மாதிரி என்றான். எனக்கு அழுகை தானாக வந்தது. அந்த அழுகையோடேயே தொடங்கினேன்.

"மாத்தளைச் சனங்களே, அழாதீங்க. எனக்கு ஒண்டும் இல்ல. இது சாயம். அந்தா, மெஷினுக்குப் பின்னால ஓலைத்தொப்பி போட்டுக்கிட்டு இருக்காரே, அவர்தான் என்னை எப்பவும் கொல்றவர். அண்டைக்கி என் மகனுக்கு அழுதேன். அந்த அழுகைக்கு வேற ஆளுட சத்தத்தப் போட்டு, என்னைக் குண்டு வைக்கிறவன் ஆக்கினார். அந்தப் பெட்டிக்குள்ள இருந்தது கொறக்கா. எதிர்க்கடை முதலாளி, நீங்க வித்த கொறக்கா. காலையில நீங்கதான் நிறுத்துத் தந்தீங்க. மறந்துட்டீங்களா?"

இங்கே முத்துவீரன் பேச வேண்டும். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். கமரா அவன் பக்கம் நெருங்கியது. "எனக்கு துவக்குப் பிடிக்கவே தெரியாதுங்க" என்றான் துவாய்க்குள்ளிருந்து. "கவ்வாத்துக் கத்திதான் தெரியும். என்னய கெட்டவனாக்குன தொப்பிக்காரருக்கு மூலவியாதிங்க. அதான் உக்காராம நின்னுக்கிட்டே படம் எடுக்குறாரு."

நான் அழுகையைக் கூட்டினேன். "சனங்களே, இந்த இடத்துல நீங்க சிரிப்பீங்க. நீங்க சிரிச்சா அவர் எழும்புவார். தொப்பியக் கழட்டாம எழும்புவார். சாகிற மனுசனப் பாத்தா சிரிக்கிறீங்க எண்டு உங்களுக்கு ஏசுவார். அப்ப நல்லா சிரிங்க. என் பெட்டிக்கு ஈடா சிரிங்க. யா அல்லா." கண்ணை மூடி மௌத்தானேன்.

கண்ணைத் திறந்தேன். வேபொட அழுதுகொண்டிருந்தான்.

"நானா, கொறக்கா எண்டு ஏதோ சொன்னீங்களே" என்றான். அந்த ஒரு சொல் சிங்களத்திலும் அதுதான்.

"சாகிறவன் கடைய நினைக்கிறான் சேர்."

"எவ்வளவு இயல்பு" என்று கண்ணைத் துடைத்தான். "இன்னொரு தடவை எடுப்போம்."

பல தடவை எடுத்தான். ஒவ்வொரு தடவையும் ஏசினேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் ஒரு நாளும் செத்ததில்லை.

படம் பனி பெய்யும் ஒரு நாட்டுக்குப் போய்ப் பரிசு வாங்கியது. அந்தக் காட்சிக்காகவே கொடுத்தார்களாம். முத்துவீரன் மூலவியாதி என்று சொன்ன இடத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி எழும்பி நின்று நெஞ்சில் கை வைத்தாளாம். கீழே எழுத்தில் 'இந்த மண் என்னை மன்னிக்கட்டும்' என்று ஓடியிருக்கிறது. பரிசோடு வந்து வேபொட மாத்தளையில் ஒரு விசேஷ காட்சி வைத்தான். முன் வரிசையில் அதிகாரிகள், பரிசுத் தட்டு, மாலை. பின்னால் ஊர்ச் சனம், எல்கடுவவிலிருந்து லொறியில் வந்த தோட்டத்துச் சனம். குணபால மனைவியோடு நடு வரிசையில் இருந்தான். நான் பார்த்ததை அவன் பார்த்தான். திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

வேபொட மேடையில் ஏறி, "இது நம்ம நாட்டக் காட்டுற கண்ணாடி" என்றான். விளக்கு அணைந்தது.

புகை வந்தது. நான் விழுந்தேன். முன் வரிசையில் கைக்குட்டைகள் எழும்பின. "மாத்தளைச் சனங்களே, அழாதீங்க" என்றதும் பின்னால் ஒரு பெண் 'ஹா' என்றாள். ஓலைத்தொப்பி என்றதும் ஒரு வரிசை திரும்பி வேபொடவைப் பார்த்தது. முத்துவீரன் துவாய்க்குள்ளிருந்து பேசியதும் தோட்டத்துச் சனம் பெஞ்சுகளில் அடித்துச் சிரித்தது. முன்னால் அழுகை, பின்னால் சிரிப்பு, நடுவில் இருந்தவர்களுக்கு எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை. கண்ணாடி என்று அவன் சொன்னது பொய்யில்லை.

திரையில் நான், "அவர் எழும்புவார், தொப்பியக் கழட்டாம எழும்புவார்" என்றேன்.

வேபொட எழும்பினான். தொப்பியோடு எழும்பினான். பின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கத்தினான், "சாகிற மனுஷனப் பாத்தா சிரிக்கிறீங்க?"

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை நான் சொன்னால் பொய் என்பீர்கள். கூரைத் தகடு இரண்டு கழன்றது. சிரித்துச் சிரித்து ஒரு கிழவரின் கட்டுப்பல் இரண்டு வரிசை தாண்டி விழுந்து, எடுத்துக் கொடுத்தார்கள். படத்தை நிறுத்தினார்கள். வேபொட வேர்த்து நின்றான்.

"என்ன சொல்றான் அவன்?" என்று முன் வரிசையில் கேட்டான். அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. "யாராவது சொல்லுங்க. அங்க என்ன சொல்றான்?"

பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அப்போது நடு வரிசையில் ஒருவன் எழும்பினான். அவன் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் கையை விடுவித்துக்கொண்டான்.

"நான் சொல்றேன்" என்றான் குணபால சிங்களத்தில்.

ஒரு சொல் விடாமல் சொன்னான். சாயம் என்றான், தொப்பி என்றான். மகனுக்கு அழுத அழுகைக்கு வேறு ஆளின் குரல் போட்டதைச் சொன்னான். மூலவியாதியையும் விடவில்லை, மாவட்ட அதிகாரிகளுக்கு முன்னால் நல்ல மரியாதையான சிங்களத்தில் சொன்னான்.

"பெட்டிக்குள்ள இருந்தது கொறக்கா எண்டு சொல்றாரு. அத வித்தது எதிர்க்கடைக்காரன் எண்டு சொல்றாரு. எதிர்க்கடைக்காரன் நான்தான். நான்தான் நிறுத்துக் குடுத்தேன். அது உண்மை."

உட்கார்ந்தான். இப்போது பின்னாலும் சிரிப்பு இல்லை.

வேபொட என்னைத் தேடி வந்தான். முகம் கொறக்கா நிறத்தில் இருந்தது. "ஏன் இப்படிச் செஞ்சீங்க? நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்?"

"எதையாச்சும் சொல்லச் சொன்னீங்க சேர். யாரு கவனிக்கப் போறாங்க எண்டும் சொன்னீங்களாம்."

"வெட்டி எறியிறேன் அந்தக் காட்சிய."

"வெட்டுங்க. பரிசு குடுத்தது அந்தக் காட்சிக்குத்தானே. வெட்டிட்டு அதையும் திருப்பி அனுப்புங்க."

அவன் நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

காட்சியை அவன் வெட்டவில்லை. வெட்ட முடியாது. ரஜனி அந்தத் துண்டுக்குச் சரியான எழுத்துப் போட்டுக் கைத்தொலைபேசியில் விட்டாள். கல்முனையில் பார்த்தார்கள், யாழ்ப்பாணத்தில் பார்த்தார்கள், கட்டாரில் ஸுஹைல் வேலைத்தளத்தில் போட்டுக் காட்டினானாம். வேபொட எந்த ஊருக்குப் படத்தைக் கொண்டுபோனாலும் அந்த இடம் வரும்போது எழும்புவதா, இருப்பதா என்று தெரியாமல் தவிக்கிறான் என்று கேள்வி. எழும்பினால் ஒரு சிரிப்பு. எழும்பாவிட்டால், "இன்னும் எழும்பல்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். போன மாதம் முத்துவீரனுக்கு அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. அடுத்த படத்தில் ஒரு தமிழ்த் தாத்தா, சாவதில்லையாம், வசனமும் இல்லையாம். முத்துவீரன் தமிழில் பதில் சொன்னானாம். என்ன சொன்னான் என்று சுந்தரம்மா எழுத விடமாட்டாள்.

அந்த விசேஷ காட்சிக்கு மறுநாள், அஸர் தொழுதுவிட்டு வந்தேன். பெஞ்சில் குணபால இருந்தான். பெஞ்சின் ஓரத்தில், விழுந்துவிடுகிற மாதிரி இருந்தான். நான் ஸலாமும் சொல்லவில்லை, ஆயுபோவனும் சொல்லவில்லை. உள்ளே போனேன்.

றமீஸா அன்று கடைக்கு வந்திருந்தாள். கேத்தலை அடுப்பில் வைத்தாள். "என்ன செய்யப் போறீங்க?" என்றாள் மெதுவாக.

"தேத்தண்ணி குடுக்கப் போறேன்."

அவன் கிளாஸில் சீனி போடவில்லை. மூடையிலிருந்து நல்ல கறுத்த கொறக்காத் துண்டு ஒன்றைத் தெரிந்தெடுத்துப் போட்டேன். ஒன்று போதாது போலிருந்தது. இன்னொன்றும் போட்டேன். கொதிக்கும் தேயிலைச் சாயத்தில் அது ஊறுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். பிறகு கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்தேன்.

ஒரு மிடறு குடித்தான். கன்னம் இரண்டும் உள்ளே போயின. கண்ணில் தண்ணீர் வந்தது. கிளாஸை வெளிச்சத்தில் தூக்கி, அடியில் கிடந்ததைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அடுத்த மிடறு குடித்தான். அடிவரைக்கும் குடித்தான். துண்டு இரண்டும் மட்டும் மிஞ்சின.

கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு, "நாளைக்கும் இதுதானா நானா?" என்றான் தமிழில்.

"நாளைக்கும் இதுதான்" என்றேன் சிங்களத்தில்.

"எவ்வளவு நாளைக்கு?"

"மூடை முடியிற வரைக்கும்."

அவன் மூடையைத் திரும்பிப் பார்த்தான். புது மூடை. அவனிடமே வாங்கியது. தலையாட்டினான்.

தினமும் வருகிறான். இன்னும் பாதி மூடை இருக்கிறது.